காற்று முதுகில் வரும்போது

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், இஸ்திரி போட்ட சட்டைதான் உடுத்துகிறேன். நீ வழக்கமாகக் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? மாமாவின் முதுகுவலி பரவாயில்லையா?

போனில் பேசினால் நீ "சரி" என்கிறாய், நானும் "சரி" என்கிறேன், இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு செய்தி இருக்கிறது, சிரிக்கக் கூடாது. நான் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் பெரிய ஏரி, அதன் கரையில் ஒரு கிளப். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு ஏரியில் என்ன வேலை என்று கேட்பாய். வாழ்நாள் முழுக்க மேலும் கீழுமே போய்வந்தவனுக்குக் கொஞ்சம் முன்னால் போகலாமே என்று ஆசை.

ஒரே ஆள் உட்காரும் படகு. ஒரு பாய், பாயை இழுத்துவிட ஒரு கயிறு, திருப்ப ஒரு சுக்கான், அவ்வளவுதான். நினைத்தபோதெல்லாம் தண்ணீரில் படுத்துக்கொள்வதால் அதற்கு எருமை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எதிர்க்காற்றில் போவது கஷ்டம், பின்காற்றில் போவது சுகம் என்று கரையில் நிற்கிறவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எதிர்க்காற்று முகத்தில் அறையும், அது எங்கே இருக்கிறது என்று தெரியும். பின்காற்று முதுகுக்குப் பின்னால் வரும். நாமும் அதோடு சேர்ந்து போவதால் சட்டைகூட அசையாது. ஏரியே அசந்து தூங்குகிற மாதிரி இருக்கும். அப்போதுதான் எருமை புரளும்.

கோச் என்னை வேறு எதுவும் செய்ய விடுவதில்லை. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போ, கவிழு, நிமிர்த்து, திரும்பவும் போ. இதுதான் என் ஞாயிற்றுக்கிழமை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 27

கடுகுக்கு,

இங்கே எல்லாரும் அவரவர் வலியோடு சௌக்கியம். உன் மாமா டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்து எழுந்து வருகிறவர், முதுகு வலிக்காமல் என்ன செய்யும். நீ ஒழுங்காகச் சாப்பிடுவதாக எழுதியிருப்பதை நான் நம்பவில்லை.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "நாப்பது வயசுக்கு மேல நாய்க்குட்டி மாதிரி தண்ணில விழுறானா உன் தம்பி" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை, சொன்னபடி.

உனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும், அதனால் விழுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. கவிழும்போது படகு எந்தப் பக்கம் கவிழ்கிறது? எப்போதும் ஒரே பக்கமா, மாறி மாறியா? சும்மாதான் கேட்கிறேன். கண்ணால் பார்க்காத ஒன்றை மனத்தில் போட்டுப் பார்க்க எனக்கு இப்படி ஏதாவது வேண்டியிருக்கிறது.

தையல் கூடத்தில் பள்ளிக்கூடச் சீருடை வேலை மலைமாதிரி குவிந்து கிடக்கிறது. பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

தும்மல் இல்லை, சளி இல்லை. தினமும் குளிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை.

நீ கேட்டது நல்ல கேள்வி, கோச்சும் அதையேதான் கேட்டார். காற்று பின்னால் வரும்போது பாயை ஒரு பக்கம் முழுக்க விரித்துவிட்டு, நாம் அடுத்த பக்கம் உட்கார வேண்டும். படகைக் கொஞ்சம் நம் பக்கமாகவே சாய்த்து வைத்துக்கொண்டால்தான் வேகம். பாய் வலதுபுறம் விரிந்திருந்தால் நான் இடதுபுறம் இருப்பேன். கிளப்பில் உள்ளவர்கள் என்னை ராஜா மாதிரி போகிறான் என்று சொல்வது பாய் இடதுபுறம் இருக்கும்போது. வலதுபுறம் மாற்றினால் நூறு அடி போவதற்குள் எருமை என் பக்கமாகப் புரண்டு என் தலைமேலேயே கவிழ்ந்துவிடுகிறது.

கோச் சொல்லும் காரணம் சுலபம். படகு ஆடத் தொடங்கியதும் பயத்தில் கை தானாகக் கயிற்றை விட்டுவிடுமாம். விட்டால் பாய் படகைத் தாண்டி முன்னால் ஓடிவிடும், படகுக்குப் பிடிமானம் போய்விடும். பயப்படும்போது விடக் கூடாது, இழுக்க வேண்டும். "எல்லாரும் பண்ற தப்புதான் சார், விடாதீங்க, இழுங்க" என்று கரையிலிருந்து ஒலிபெருக்கியில் கத்துகிறார். ஏரி முழுக்கக் கேட்கிறது. பக்கத்துப் படகில் ஒரு பல் டாக்டர் ஓட்டுகிறார். "வாய நல்லா தொறந்துட்டு விழுறீங்க, அடுத்த தடவை பார்த்துச் சொல்றேன், ரெண்டு சொத்தை இருக்கு" என்றார்.

விடாமல் முயற்சி செய்கிறேன். அக்டோபரில் கிளப் பந்தயம், பெயர் கொடுத்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 2

கடுகுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆக்கிவிட்டேன், திட்டிக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான். என்னை மெஷினிலிருந்து எழுப்பி, தைத்து வருகிற துணிகளைச் சரிபார்க்கிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் மற்றவர்கள் தையலில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். மாமியார் வேலை என்று கூடத்தில் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு வேண்டியதுதான்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சமையலறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டூல்தான் படகு. சமையல் மேடை பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தேன், கரண்டியைச் சுக்கானாகப் பிடித்தேன். உன் மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். இடதுபுறம் உட்கார்ந்தால் சுக்கான் வலது கையில், கயிறு இடது கையில். மறுபக்கம் உட்கார்ந்தால் கயிறு வலது கைக்குப் போய்விடுகிறது. நான் சரியாகத்தான் உட்கார்ந்தேனா?

கயிறு இடது கையில் இருக்கும்போது மட்டும்தான் நீ விழுகிறாய். பயம் என்றால் இரண்டு கைக்கும் வர வேண்டுமே.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

அப்பாவை எரித்துவிட்டு வந்த அன்று நீயும் நானும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு முடிவு எடுத்தோம். யாரும் பரிசோதனைக்குப் போவதில்லை. ஒருவர் கையையும் காலையும் பற்றி இன்னொருவர் கேட்பதில்லை. வந்தால் வந்தவரே சொல்ல வேண்டும். நான் மறக்கவில்லை.

படகைப் பற்றி எழுதினேன். படகைப் பற்றி மட்டும் கேள்.

தம்பி


மே 3

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டு, விசாரிக்க வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு எழுத இனி என்னால் முடியாது.

அந்த முடிவை எடுத்தது நானும்தான். அதனால்தான் நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நான் பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. காரணத்தை நீ என்னைக் கேட்கவில்லை, நான் உன்னைக் கேட்கவில்லை. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகளில் யாருக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் நம் இருவரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். ஆனால் அந்த நோயின் முடிவைத்தான் நீ பார்த்தாய். படுக்கையில் கண் மட்டும் அசைந்த அப்பாவைப் பார்த்தாய். தொடக்கத்தைப் பார்த்தவள் நான்.

அப்பாவுக்கு முதலில் வலி இல்லை, நடுக்கம் இல்லை. பிடித்திருந்த பொருள் கையில் இருப்பது அவருக்கே தெரியாமல் நழுவும். வீட்டுச் சாவி விழுந்தது. ஷேவ் செய்யும்போது கண்ணாடி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தார். கை ஈரம், வெளிச்சம் போதவில்லை, யோசனை எங்கேயோ இருந்தது. உன் கோச் சொல்கிற காரணமும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையைப் பார். வலது கையோடு சேர்த்து வைத்துப் பார். பள்ளம் விழுந்திருக்கிறதா என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஒருவேளை நான் பைத்தியக்காரியாக இருக்கலாம். அப்படி இருந்தால் நன்றாகத் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா


ஜூன் 11

தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி என்று தெரியவில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய்.

நேற்று உன் கம்பெனிக்குப் போன் போட்டேன். "அவர் டிசம்பர்லயே வேலைய விட்டுட்டாரேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்று ஒரு பெண் கேட்டாள். தெரியும், மறந்துவிட்டேன் என்று சொல்லி வைத்தேன்.

ஆக, நீ எனக்குப் படகைப் பற்றி எழுதத் தொடங்கியபோதே வேலையில் இல்லை.

ஒரே ஒரு வரி எழுது.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

மூச்சு இருக்கிறது, பேச்சு இருக்கிறது. இப்போதைக்கு அவ்வளவு சொல்லலாம்.

பள்ளம் இருக்கிறது. போன வருஷமே இருந்தது.

நவம்பரில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வேலை. நான் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்றிருந்தேன், கூட வேலை பார்க்கிறவன் கீழே லிஃப்ட் குழியில். ஸ்பேனர் என் இடது கையிலிருந்து போய்விட்டது. போனதே எனக்குத் தெரியாது, கீழே சத்தம் கேட்டுத்தான் கையைப் பார்த்தேன். அவன் தோளை உரசிக்கொண்டு விழுந்திருக்கிறது. "என்னண்ணே, தூக்கமா?" என்று சிரித்தான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அந்த மாதக் கடைசியிலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் எருமை. இரண்டு பேர் ஓட்டுகிற படகும் கிளப்பில் இருக்கிறது, பல் டாக்டர் கூப்பிட்டார், நான் போகவில்லை. ஒற்றை ஆள் படகில் என் கை விட்டால் நான் மட்டும்தான் விழுவேன். பின்காற்றில் ஓட்டியது கோச் சொல்லி மட்டும் இல்லை, நானே கேட்டுக்கொண்டது. எதிர்க்காற்றில் கயிறு சுண்டி இழுக்கும், நழுவினால் உடனே தெரியும். பின்காற்றில் அது சோம்பலாகக் கையில் கிடக்கும். நழுவுவது படகு புரளும்போதுதான் தெரியும். கையில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க எனக்கு அதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. டாக்டரிடம் போனால் பெயர்தான் சொல்வார், பெயர் நமக்குத் தெரியும். மார்ச்சில் நூறு அடி போனேன். இப்போது புறப்பட்ட உடனே கவிழ்கிறேன். கோச் கத்துவதை நிறுத்திவிட்டார். ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும், வா என்று எழுதுவாய். நான் வர மாட்டேன். ஆறு வருஷம் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, நீ என்ன ஆனாய் என்று பார்த்தேன். நான் இரண்டு தடவை வந்து விருந்தாளி மாதிரி நின்றுவிட்டுப் போனேன். இன்னொரு தடவை அதை உன்னைச் செய்ய விட மாட்டேன். விட்டால் நான் மனுஷனே இல்லை.

அக்டோபரில் பந்தயத்தன்று நல்ல காற்று இருக்கும் என்கிறார்கள். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை இடது கையால் மாட்ட எனக்கு வெகுநேரம் ஆகிறது. அன்றைக்கு மாட்டாமல் போய்விட்டேன் என்றால் அவசரத்தில் மறந்துவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

மாமாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

தம்பி


ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். உன் மாமாவும் படித்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, பார்த்துவிட்டேன்.

எனக்குப் பாரமாகிவிடுவோம் என்றுதானே பயப்படுகிறாய்? அந்தப் பயமே வேண்டாம். உன்னைத் தூக்கவோ துடைக்கவோ என்னால் முடியாது. எனக்கும் வந்துவிட்டது. உனக்கு இடது கை, எனக்கு வலது. சரிபார்க்கிற மேஜைக்கு மாற்றினார்கள் என்று பெருமையாக எழுதினேனே, அது ஊசி கையில் நிற்காததால் கொடுத்த இடம். பாவம் பார்த்துக் கொடுத்தார்கள்.

வந்தவர் சொல்ல வேண்டும் என்ற முடிவை நீ மீறினாய், நானும் மீறினேன். கணக்கு சரியாகிவிட்டது, இனி ஒருவரை ஒருவர் திட்ட முடியாது.

உன் மாமாவின் முதுகுக்கு என் ஒருத்தியைத் தூக்கவே தெம்பு போதாது. எனக்கு ஆள் வேண்டும், அதற்குத்தான் கூப்பிடுகிறேன். உன் வலது கையும் என் இடது கையும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறும், கொஞ்ச காலத்துக்காவது. பயப்படும்போது விடக் கூடாது, இழுக்க வேண்டும் என்று உன் கோச் சொன்னார் இல்லையா? எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் இழுக்கிறேன்.

ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். பொத்தான் கிடையாது, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்தது, அப்பாவுக்கு வைத்த மாதிரி. கோபம் வந்தாலும் போட்டுப் பார்.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

நீ பல்லாண்டு சுகமாக இருப்பாய். இதை விசாரிப்பாக எழுதவில்லை, தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கழற்றும்போது உள்பக்கம் தெரிந்தது. பட்டைகளை மெஷினில் அடிக்கவில்லை, கையால் தைத்திருக்கிறாய். பொடிப்பொடித் தையல், ஒன்றுகூட வரி தப்பவில்லை, முடிச்சை உள்ளே தள்ளி மறைத்திருக்கிறாய். நம் வீட்டில் அப்படி முடிச்சு போடுகிறவள் நீ ஒருத்திதான். வலது கையில் ஊசி நிற்கவில்லை என்று கடிதம் எழுதி, அதே பார்சலில் அந்தக் கையால் தைத்த சட்டையை மடித்து வைத்து அனுப்பியிருக்கிறாய். உன்னை மாதிரிப் பொய் சொல்லத் தெரியாத ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை.

சிரித்தேன் அக்கா, பல மாதத்துக்குப் பிறகு. அப்புறம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என்னை வரவழைக்க இவ்வளவு பெரிய பொய்யை நீ சொல்கிறாய் என்றால், நான் அக்டோபரில் போய்விட்டால் நீ என்ன ஆவாய் என்று அப்போதுதான் புரிந்தது. அது வரைக்கும் யோசிக்கவில்லை. என்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வருகிறேன். பொய் என்று தெரிந்துதான் வருகிறேன். எருமையைப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டேன், பந்தயத்திலிருந்து பெயரை எடுத்தாயிற்று. அப்பா படுத்திருந்த அறை எனக்கு வேண்டாம், கூடத்தில் ஒரு மூலை போதும். முடியாத காலம் வந்தால் ஆள் வைத்துக்கொள்ளலாம், நீ ஒரு வேலையும் செய்யக் கூடாது. இது மட்டும் என் நிபந்தனை.

உனக்கு ஒன்றும் இல்லை. அது போதும் எனக்கு. நம் இரண்டு பேரில் ஒருத்தியாவது தப்பித்தாளே என்று நினைக்கும்போது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து சேர்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 4

கடுகுக்கு,

நீ வருகிறாய் என்றதும் உன் மாமா கூடத்தில் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டார். எந்த வெள்ளி என்று நீ எழுதவில்லை. இதைப் படித்த பிறகு வரும் வெள்ளிக்கிழமையாகவே இருக்கட்டும்.

சட்டையைத் தைத்தது நான் இல்லை. தையல் கூடத்தில் முன்பு எனக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்திருந்தவள் தைத்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான், அதனால் முடிச்சு என் முடிச்சு மாதிரியே இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அளவு சொன்னேன்.

"அவன் சந்தோஷமா வரட்டும், இப்ப எதுக்கு எழுதற" என்று உன் மாமா தடுத்தார். எனக்கும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. சந்தோஷமாக இருக்கிறது என்று நீ எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் வந்ததும் தெரியத்தானே போகிறது. உன் கடிதங்களுக்கு நான் தாமதமாகப் பதில் போட்டது வேலையால் இல்லை. ஒரு பக்கம் எழுத எனக்குப் பல நாள் ஆகிறது. எனக்கு உனக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. இப்போது காலுக்கும் வந்திருக்கிறது.

ஆகவே வாசலில் நின்று கதவைத் தட்டாதே. நான் எழுந்து வந்து திறக்கும்வரை நீ வெளியே நிற்க வேண்டியிருக்கும். தாழ்ப்பாள் போடாமல் வைக்கிறோம், தள்ளிக்கொண்டு உள்ளே வா.

அக்கா